குழந்தைகளின் கற்றல் குறைபாடு: அறிகுறியும் தீவிரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயால் கதை சொல்லச் சொன்னால் அரை மணி நேரம் விடாமல் சொல்லும் பிள்ளை, அதே கதையைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடும். பெற்றோரின் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எதைக் கவனிப்பது, எப்போது யாரிடம் போவது என்று தெரிந்துகொள்ளலாம்.

கற்றல் குறைபாடு என்று எதைச் சொல்கிறார்கள்?

வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றிலோ பலவற்றிலோ விடாமல் தொடரும் சிரமம் இது. மூளை வளரும் விதத்தில் இதன் வேர் இருக்கிறது. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு மூன்றையும் ஒரே குறைபாட்டின் பிரிவுகளாக வைத்திருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கும் என்பது அந்தக் கையேட்டின் மதிப்பு.

அதன்படி நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். தனி உதவி கொடுத்தும் 6 மாதமாவது சிரமம் நீடிக்க வேண்டும். வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடத் திறன் தெளிவாகக் குறைந்து, படிப்பையோ அன்றாட வேலையையோ பாதிக்க வேண்டும். பள்ளிப் பருவத்தில் தொடங்கியிருக்க வேண்டும். பார்வை, செவிக் குறைவு, அறிவுத்திறன் குறைபாடு, சரியாகக் கற்பிக்கப்படாதது, பாடமொழி தெரியாதது போன்ற வேறு காரணங்களால் வந்ததாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படியென்றால் என் பிள்ளைக்கு அறிவு குறைவா?

இல்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் தேர்ந்தவன், பேச்சில் எந்தக் குறையும் இல்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் குறித்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் வகுப்பறைகளில் இதே வசனம் கேட்கிறது.

அறிவுத்திறன் குறைபாடு வேறு. அதில் புரிந்துகொள்வது, பழகுவது, தன் வேலையைத் தானே செய்துகொள்வது எல்லாமே வயதுக்குப் பின்தங்கியிருக்கும். கற்றல் குறைபாட்டில் பள்ளம் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இருக்கும். விளையாட்டின் விதிகள், நகைச்சுவை, வழி நினைவு வைப்பது போன்றவற்றில் பிள்ளை வயதுக்கேற்ப இருந்தால் அதுவே ஒரு நல்ல தடயம்.

பள்ளிக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. முறையாகக் கற்பித்துப் பார்க்காமல் கற்பதில் குறைபாடு என்று எப்படிச் சொல்வது? ஆனால் சில குறிப்புகள் முன்கூட்டியே கிடைக்கும். தாமதமாகப் பேசத் தொடங்குவது, தெரிந்த பொருளின் பெயரே வாயில் வராமல் 'அது, அந்த இது' என்று தடுமாறுவது, நிறங்களின் பெயர் மனதில் நிற்காதது, எதுகையுள்ள பாட்டு எத்தனை முறை கேட்டாலும் பிடிபடாதது எல்லாம் இதில் சேரும்.

ஒலி விளையாட்டு நிறையச் சொல்லும். 'பட்டம்' என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'வ' போட்டால் என்ன வரும்? ஐந்தரை, ஆறு வயதில் பல குழந்தைகளுக்கு இது சிரிப்பான விளையாட்டு. டிஸ்லெக்ஸியா வரவிருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் கேள்வியே புரியாது.

குடும்பத்தையும் பாருங்கள். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ வாசிப்புக் குறைபாடு இருந்தால், குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 முதல் 8 மடங்கு. 'எனக்கும் சின்ன வயசில் படிப்பே ஏறலை, அப்புறம் சரியாயிடுச்சு' என்று ஒரு தந்தை சிரித்துக்கொண்டே சொன்னால், அது ஆறுதலுக்கான செய்தி இல்லை. மதிப்பீட்டுக்குப் போகும்போது முதலில் சொல்லவேண்டிய தகவல்.

வாசிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், படித்துப் பழகிய பாடத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். பல பிள்ளைகள் பக்கத்தையே மனப்பாடமாக வைத்திருப்பார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியைச் சொல்லும். இதுவரை பார்த்திராத, அதே வகுப்புத் தரத்திலுள்ள ஒரு பத்தியைக் கொடுங்கள். படங்களை மறைத்துவிடுங்கள்.

முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறதா? 'மருந்து' என்பது 'மரம்' ஆகிறதா? தமிழில் பொருள் பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. 'வீட்டிலிருந்து' என்பதை 'வீட்டில்' என்றும் 'போகவில்லை' என்பதை 'போகிறான்' என்றும் வாசிக்கும் பிள்ளை, சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாலை இட்டுக்கட்டுகிறது. ஒரே சொல் மூன்றாம் வரியில் வந்து ஐந்தாம் வரியில் மறுபடி வந்தால், புதிதாகப் பார்ப்பதுபோல் திரும்பவும் எழுத்துக் கூட்டுகிறதா என்றும் கவனியுங்கள். வரி தாவுவது, வாசித்து முடித்ததும் என்ன வாசித்தோம் என்றே தெரியாதது, ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது... இந்தக் கடைசி வித்தியாசம் முக்கியம். புரிந்துகொள்வதில் சிக்கலில்லை, எழுத்தை ஒலியாக்குவதில்தான் சிக்கல் என்று அது காட்டுகிறது.

இன்னொரு சோதனை, பொருளில்லாத சொற்கள். 'மிசலோ', 'தூபெகி', 'ரணுடை' என்று நீங்களே பத்து எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். இங்கே ஊகமும் மனப்பாடமும் உதவாது. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்க்கத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். நிபுணர்களும் இதையேதான் வேறு முறையாகச் செய்கிறார்கள்.

தமிழ் எழுத்துமுறை கொஞ்சம் அவகாசம் கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 247 எழுத்துகள், அதில் 216 உயிர்மெய். எ, ஏ, ஐ குறிகளை மெய்க்கு முன்னால் எழுதிவிட்டுப் பின்னால் ஒலிக்கிறோம். 'ஒ', 'ஓ' குறிகள் எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. இவற்றில் தடுமாறுவது தொடக்க வகுப்புகளில் சகஜம். நான்காம் வகுப்பிலும் அதே தடுமாற்றம் அதே அளவில் இருந்தால் யோசிக்க வேண்டும். தமிழ்போல எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேரான உறவுள்ள மொழிகளில், டிஸ்லெக்ஸியா உள்ள வளர்ந்த பிள்ளைகள் தப்பில்லாமல் வாசிக்கப் பழகிவிடுவார்கள், ஆனால் ஆமை வேகத்தில். தப்பை மட்டும் எண்ணினால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள். வேகத்தையும் பாருங்கள்.

என் மகள் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறாள். இது டிஸ்லெக்ஸியாதானே?

ஏழு வயது வரை எழுத்தையும் எண்ணையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுவது பல குழந்தைகளிடம் சகஜம். 1920-களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தத் திருப்பலை மையமாக வைத்து விளக்கம் கொடுத்தார். இன்றும் அந்தப் படம்தான் மக்கள் மனதில் நிற்கிறது. ஆராய்ச்சி அதைத் தாண்டி வந்துவிட்டது. பெரும்பாலான டிஸ்லெக்ஸியாவில் சிக்கல், பேச்சொலிகளைப் பிரித்து உணர்வதிலும் எழுத்தோடு இணைப்பதிலும் இருக்கிறது. கண் எழுத்தை எப்படிப் பார்க்கிறது என்பதில் இல்லை. திருப்பி எழுதாத டிஸ்லெக்ஸியா பிள்ளைகள் ஏராளம்.

ல, ள, ழ குழம்புவது?

பேச்சில் அந்த வேறுபாடு கேட்காத சூழலில் வளரும் பிள்ளை எழுத்திலும் குழம்பும். ர, ற, ந, ன, ண எல்லாம் இதே கதை. பெரியவர்களில் பாதிப்பேர் இந்தச் சோதனையில் தேறமாட்டார்கள், விடுங்கள். ஓர் அசையே காணாமல் போவது, புள்ளியும் துணைக்காலும் தோன்றியபடி வருவது, ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்படுவது, பார்த்து எழுதும்போதும் தப்பு வருவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

வாசிப்பு நன்றாக இருக்கிறது. எழுதச் சொன்னால் மட்டும் அழுகை. ஏன்?

இரண்டு வேறு சிக்கல்கள் இங்கே ஒன்றுபோலத் தெரியும். ஒன்று கை சம்பந்தப்பட்டது: பென்சிலை அழுத்திப் பிடிப்பது, சீக்கிரம் கை வலிப்பது, எழுத்தின் அளவு மாறிக்கொண்டே இருப்பது. பொத்தான் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது எல்லாவற்றிலும் தடுமாற்றம் இருந்தால், கையசைவு ஒருங்கிணைப்பை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனும் செயல்முறை சிகிச்சையாளர் பார்க்க வேண்டும். மற்றொன்று மொழியை எழுத்தாக்குவது: வாயால் பத்து வாக்கியம் சொல்லும் பிள்ளை தாளில் ஒன்றரை வாக்கியத்தோடு நின்றுவிடும், அதுவும் எழுதத் தெரிந்த எளிய சொற்களை மட்டும் பொறுக்கி. சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுத்துப் பாருங்கள். இரண்டு கட்டுரைக்கும் இடையில் உள்ள தூரமே பதில் சொல்லிவிடும்.

கணக்கு வராத எல்லாருக்கும் டிஸ்கால்குலியாவா?

அப்படிச் சொன்னால் உலகத்தில் பாதிப்பேருக்கு இருக்கும். கணக்குப் பயமும், அடிப்படையை விட்டுவிட்டு ஓடும் பாடத்திட்டமும்தான் பெரும்பாலான நேரங்களில் காரணம். டிஸ்கால்குலியாவில் எண்ணின் அளவே பிடிபடாது. மேசையில் நான்கு பொருள் இருந்தால் பார்த்தவுடன் நான்கு என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக எண்ணும். ஐந்தாம் வகுப்பிலும் 6+3-க்கு விரல். அதுவும் ஆறிலிருந்து தொடராமல் ஒன்றிலிருந்து ஆரம்பம். 68 பெரிதா 86 பெரிதா என்றால் யோசனை. 49-ஐயும் 52-ஐயும் கூட்டி 911 என்று விடை வந்தாலும் 'இது எப்படி?' என்று தோன்றாது. கடிகாரம் பார்ப்பது, மீதிச் சில்லறை சரிபார்ப்பதும் சிரமம்.

எண்களாகக் கொடுத்தால் சரியாகச் செய்து, வாக்கியக் கணக்கில் மட்டும் தோற்றால் அது வாசிப்புப் பிரச்சினையாக இருக்கலாம்.

கவனக்குறைவா, சோம்பேறித்தனமா, இதுவா? எப்படிப் பிரிப்பது?

சோம்பேறித்தனம் என்ற பதிலை முதலில் எடுத்துப் போட்டுவிடலாம். ஏழு வயதுப் பிள்ளை தினமும் திட்டு வாங்குவதைச் சோம்பலுக்காகத் தேர்ந்தெடுக்காது.

ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக் குறைபாட்டைப் பிரிப்பதுதான் கஷ்டம். அதில் சிதறல் எல்லா இடத்திலும் தெரியும்: சாப்பாட்டு மேசை, விளையாட்டு, பேச்சு. நேற்று சரியாகச் செய்த கணக்கு இன்று தப்பாகும், நாளை சரியாகும். கற்றல் குறைபாட்டில் கவனம் அந்தப் பாடம் வந்ததும் நழுவும். தப்புகளுக்கு ஒரு சாயல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே குழந்தையிடம் இருப்பது மிகச் சாதாரணம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடும் மருத்துவரிடம், 'இன்னொன்றையும் பார்த்தீர்களா' என்று தயங்காமல் கேளுங்கள்.

சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்வது ஒரு நாளில் பலமுறை நடந்தால், கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த நொடியில் பதில் இல்லையென்றால், அது பகல் கனவாக இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் மருத்துவரிடம் போனால் சரியாகுமா? நிறக் கண்ணாடி உதவுமாமே?

கண்ணும் காதும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி காதில் நீர் கோத்த குழந்தைக்கு ஒலிகள் தெளிவில்லாமல் போயிருக்கலாம். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை பலகையைப் பார்த்து எழுதாததற்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை. ஆனால் டிஸ்லெக்ஸியாவைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் நிறக் கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. அந்தப் பணத்தை வாசிப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேசானதா, தீவிரமா என்று எப்படித் தெரியும்?

இதற்குத்தான் பெரும்பாலோர் மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறார்கள். மதிப்பெண் இதற்கு மோசமான அளவுகோல். டி.எஸ்.எம்.-5 தீவிரத்தை மூன்றாகப் பிரிக்கும்போது எத்தனை தப்பு என்று கேட்கவில்லை. எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று கேட்கிறது.

லேசான நிலையில், ஒன்று இரண்டு திறன்களில் சிரமம் இருக்கும். கூடுதல் நேரம், வாசித்துக் காட்டுதல், தட்டச்சு போன்ற சலுகைகளோடு பிள்ளை சமாளித்துக்கொள்ளும். நடுத்தர நிலையில் சலுகை மட்டும் போதாது. பள்ளிக் காலத்தில் அவ்வப்போது தீவிரமான சிறப்புப் பயிற்சி இல்லாமல் அந்தத் திறன் கைவராது. நாளில் சில மணி நேரமாவது துணை வேண்டும். தீவிர நிலையில் பல திறன்கள் பாதிக்கப்பட்டிருக்கும். பள்ளி ஆண்டுகளின் பெரும்பகுதிக்குத் தனிப்பட்ட, தொடர்ச்சியான பயிற்சி தேவை. அத்தனையும் கொடுத்தாலும் சில வேலைகளைத் திறம்பட முடிக்க முடியாமல் போகலாம்.

வீட்டில் எப்படிக் கணிப்பது? இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மற்ற பிள்ளைகள் இருபது நிமிடத்தில் முடிக்கும் வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அதில் எவ்வளவு உண்மையில் உங்கள் வேலை? நீங்கள் பக்கத்தில் உட்காராத நாளில் என்ன ஆகிறது? நேற்றுக் கற்றது இன்று எவ்வளவு மிஞ்சுகிறது? சிரமம் வாசிப்போடு நிற்கிறதா, அறிவியல், சமூகவியல் என்று பரவிவிட்டதா? பள்ளி நாள் காலையில் வயிற்றுவலி வந்து விடுமுறையில் காணாமல் போகிறதா?

நல்ல பயிற்சிக்கு எவ்வளவு அசைகிறது என்பது எல்லாவற்றையும்விட நம்பகமான கணிப்பு. எழுத்து-ஒலி இணைப்பைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை வாரத்தில் பல நாள், சில மாதங்கள் கொடுத்தும் முன்னேற்றம் துளியாக இருந்தால் நிலை தீவிரமானது. தொடக்கத்தில் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் மளமளவென்று முன்னேறினால், முன்பு கற்பித்த விதத்திலேயே குறை இருந்திருக்கலாம்.

தீவிரம் ஒரே இடத்தில் நிற்காது. வாசிக்கக் கற்கும் வகுப்புகள் முடிந்து, வாசித்துக் கற்கும் வகுப்புகள் தொடங்கும்போது லேசானது நடுத்தரமாகத் தெரியும். குறைபாடு கூடிவிட்டது என்று பதற வேண்டாம், சுமை கூடியிருக்கிறது.

நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். அப்படியும் இருக்குமா?

இருக்கும். நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளை பல வருஷம் மனப்பாடத்தில் ஓட்டிவிடும். என்ன விலை கொடுத்து அந்த மதிப்பெண் வருகிறது என்று பாருங்கள்: மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம், தூக்கக் குறைவு, தேர்வுக்கு முன் வாந்தி. 1990-ல் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் ஆண் பிள்ளைகளே மிக அதிகம். குழந்தைகளை நேரடியாகச் சோதித்தபோது அந்த இடைவெளி காணவில்லை. வகுப்பில் தொல்லை கொடுக்கும் பையனை எல்லாரும் கவனிக்கிறார்கள். கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பெண் தப்பிவிடுகிறாள்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. அதனால்தானா?

புதிய மொழி பழகும்வரை தடுமாறுவது குறைபாடாகாது. இரண்டு மொழி கற்பது கற்றல் குறைபாட்டை உண்டாக்குவதும் இல்லை. வீட்டு மொழியிலும் ஒலி விளையாட்டில் சிக்கல், அந்த எழுத்திலும் தடுமாற்றம் என்றால்தான் சந்தேகம் வலுக்கிறது. மதிப்பீடு பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில், முடிந்தால் இரண்டிலும் நடக்க வேண்டும்.

இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். 6 மாதம் என்ற நிபந்தனையைக் காத்திருக்கச் சொல்லும் அறிவுரையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உதவி கொடுத்தபடி கழியும் 6 மாதம் அது. பெயர் கிடைக்கும்வரை பயிற்சியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அந்தப் பயிற்சி கெடுதல் செய்யாது. முதல் இரண்டு வகுப்புகளில் தொடங்கும் உதவிக்கு, பின்னால் தொடங்குவதைவிடப் பலன் அதிகம்.

மதிப்பீட்டில் என்ன செய்வார்கள்?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. மருத்துவ உளவியலாளர் அல்லது பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வியாளர் குழந்தையோடு உட்கார்ந்து வாசிப்பு, பொருளில்லாச் சொல் வாசிப்பு, வேகம், புரிதல், எழுத்து, கணக்கு ஆகியவற்றை அளப்பார், பெரும்பாலும் ஐ.க்யூ. சோதனையும் உண்டு. பிறப்பு, வளர்ச்சி, குடும்ப விவரம் கேட்பார். சோதனைகள் சில மணி நேரம் பிடிக்கும், பல நாளாகப் பிரித்தும் செய்வார்கள். திருத்தாத நோட்டுப் புத்தகங்கள், பழைய மதிப்பெண் அறிக்கைகள், நீங்கள் குறித்து வைத்த இரண்டு வாரக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பதினைந்து நிமிடக் கேள்வித்தாளையோ இணையச் சோதனையையோ மட்டும் வைத்துச் சான்றிதழ் தருபவரை நம்பாதீர்கள்.

எது அவசரம்?

தெரிந்ததை இழப்பது. போன வருஷம் வாசித்த பிள்ளை இப்போது வாசிக்கவில்லை, பேச்சு குறைகிறது, கையெழுத்து திடீரென்று சிதைகிறது, கூடவே தலைவலியோ நடையில் மாற்றமோ தெரிகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். கற்றல் குறைபாட்டில் முன்னேற்றம் மெதுவாக இருக்கும். கற்றது இப்படிக் கழன்று போகாது.

பிள்ளையிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் அது தனக்கே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 'மக்கு' என்று. 'எழுத்தை ஒலியா மாத்துறது உனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குது, அதுக்கு வேற மாதிரி சொல்லித்தர ஆள் இருக்காங்க' என்ற அளவு போதும்.

குணமாகுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும்?

முழுவதும் மறைந்துவிடாது. சரியான பயிற்சியால் வாசிப்பின் துல்லியம் நன்றாகவே கூடும். வேகம் பெரும்பாலும் பெரியவரான பின்னும் சற்றுப் பின்தங்கியே இருக்கும். அதனால்தான் கூடுதல் நேரம் என்ற சலுகை கல்லூரிவரை தேவைப்படுகிறது. பயிற்சி நடக்கும்போது சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிய அளவீடு போதும், பாதை சரியா என்று தெரிந்துவிடும். முழு மதிப்பீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வகுப்பு மாறிச் சுமை கூடும்போதும், பொதுத்தேர்வுச் சலுகைக்கு அறிக்கை கேட்கப்படும்போதும் செய்தால் போதும். தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கக் கெடு இருக்கும் என்பதால் ஒரு வருஷம் முன்பே பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.